இரவுவேகம்

வாடகை நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. இன்னொரு துக்க விசாரிப்பு என்று நினைத்தே எடுத்தார்.

"சிலிண்டர் எப்ப வரும்னு..." ஒரு பெண்குரல் தயங்கியது. "இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்."

"வரும்மா" என்றார்.

மனைவியை அன்று காலைதான் அடக்கம் செய்திருந்தார்கள். மூச்சுத் திணறும் நோயாளிகளின் வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோவது அவர் வேலை. எந்த வீட்டில் எப்போது தீரும் என்று சொல்லும் கம்ப்யூட்டர் நிரலை எழுதியது அவள்.

மைத்துனி கம்ப்யூட்டரைத் திறந்தாள். அக்காவோடு உட்கார்ந்து கொஞ்சம் பழகியவள். திரையில் பட்டியல் வரவில்லை. சிவப்பில் ஒரு வரி வந்தது.

"ஓட மாட்டேங்குது அத்தான். அக்கா கணக்குல ஒரு பேரைப் போட்டிருக்கா. ஆனா அது எண்ணா, எழுத்தா, எதுல ஆரம்பிக்கணும்னு மேல எங்கயும் அறிவிக்கலை. அறிவிக்காத பேரு இதுக்குத் தெரியாது."

"என்ன பேரு?"

"இரவுவேகம்."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ராத்திரியில் சிலர் ஆக்சிஜன் வரும் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறார்கள், உன் கணக்குக்கு முன்பே தீர்ந்துபோகிறது என்று போன வாரம் அவளிடம் சண்டை போட்டிருந்தார். 'கம்ப்யூட்டருக்கே புத்தி சொல்ல வந்துட்டாரு' என்று சிரித்தாள். அதோடு விட்டுவிட்டாள் என்றே நினைத்திருந்தார். கம்ப்யூட்டர் முன்னாலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்த முந்தின நாள் காலையில் என்ன எழுதிக்கொண்டிருந்தாள் என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்?

"நான் ஒத்தை எழுத்துல பேர் வச்சா திட்டுவா." மைத்துனி மூக்கை உறிஞ்சினாள். "பாருங்க, பேரே சொல்லுது என்ன பண்ண நினைச்சான்னு. எவ்வளவு போடட்டும்?"

"வீட்டுக்கு வீடு மாறுமே."

"மாறட்டும். அதுக்குத்தான வேரியபிள். ஆரம்பத்துக்கு ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டு. நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர்."

மேலே ஒரு வரி சேர்த்தாள். பட்டியல் வந்தது. போனில் கேட்ட வீடுதான் முதலில் நின்றது.

"இன்னிக்கேவாப்பா?" என்றார் வாசலில் இருந்த பெரியப்பா. அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் புது சிலிண்டரைப் பொருத்தியபடி கேட்டார்: "ராத்திரி எத்தனையில வைக்கிறீங்க?"

"மூணுல. அப்பா ரொம்ப பயந்தா நாலு" என்றாள் போனில் பேசிய பெண்.

மைத்துனியைப் போனில் கூப்பிட்டார். "இந்த வீட்டுக்கு நாலுன்னு மாத்திடும்மா."

"மாத்திட்டேன் அத்தான். அடுத்து?"

"சொல்றேன், இரு."

வால்வைத் திறந்தார். சிலிண்டரில் மாட்டிய குடுவைத் தண்ணீரில் குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வரத் தொடங்கின.