பன்னிரண்டு பிள்ளை, ஒரே பந்து

காலையில் கூடத்துக்குள் கால் வைத்ததுமே பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுக்கும் பந்தக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. பன்னிரண்டு பந்து இருக்க வேண்டிய வலைப்பையில் ஒன்றே ஒன்று கிடந்தது. மீதிப் பதினொன்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மேனேஜர் சாவகாசமாகக் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு மேட்ச் வைங்கம்மா. எத்தனை வாரத்துக்குத்தான் பந்தைக் காலால நிறுத்தித் தூங்க வைக்கிறதும், தட்டி எழுப்புறதுமா விளையாடுவீங்க? இது ஃபுட்பால் வகுப்பா, பிள்ளை பாத்துக்குற இடமான்னு பெத்தவங்க கேக்குறாங்க. ஒரு வீடியோ எடுத்துப் போடணும்.”

“எல்லாம் மூணரை, நாலு வயசு சார். ஆளுக்கொரு பந்து இருந்தாத்தான் காலுக்குப் பழகும். ஒரே பந்தைப் போட்டா ரெண்டு ஆடும், பத்து அழும்.”

“ஒரு நாள்தானே? குடியா முழுகிடும்?”

ஆமாம், முழுகிடும் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டித் தொலைத்தாள்.

வகுப்பிலேயே சின்னது ஒரு பெண் பிள்ளை. கொசு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வந்த நாளிலிருந்து ஆறு வாரம் அம்மாவின் மடியை விட்டு இறங்கவில்லை. பந்தக்கா கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. ஒவ்வொரு வாரமும் அது பக்கமாக ஒரு பந்தை உருட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். போன வாரம் கொசு தானாக இறங்கி வந்து, உருண்டு வந்த பந்தின் மேல் உள்ளங்காலை வைத்தது. பந்து நின்றது. அதற்கே நம்ப முடியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு சிரித்தது. பந்தை உதைக்க யாருக்கும் வரும். நிறுத்துவதற்குத்தான் அந்த வயசில் மாசக்கணக்கில் ஆகும்.

இன்றைக்கு அம்மாவுக்கு வேலை. பஸ் டிரைவரான அப்பா லீவு போட்டுவிட்டு அழைத்து வந்திருந்தார்.

“அக்கா, எங்கப்பா வந்திருக்கு. நான் நிறுத்துறதப் பாக்க,” என்றது கொசு.

விசில் ஊதியதுதான் தாமதம், பிள்ளைகள் பந்தை ஈயாக மொய்த்தன. ஒன்று தரையில் படுத்துக்கொண்டது. இன்னொன்று கோல் வலையைப் பிடித்துத் தொங்கியது. அந்த அமளியிலிருந்து பந்து தப்பி, நேராகக் கொசுவிடம் உருண்டு வந்தது.

கொசு காலை வைத்தது. பந்து நின்றது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தது.

“அடிடி! ஏன்டி மரமாட்டம் நிக்கிற? அடிச்சுத் தொலை!”

அதற்குள் ஒரு தடிப்பயல் பாய்ந்து வந்து மோதினான். கொசு பொத்தென்று உட்கார்ந்தது, பந்து கோலுக்குள் போனது. பெற்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள், மேனேஜர் படம் பிடித்தார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

“இதைப் பாக்கவாடி லீவு போட்டேன்?”

அவ்வளவுதான். பந்தக்காவுக்குக் கண்மண் தெரியவில்லை. விறுவிறுவென்று அவர் முன்னால் போய் நின்றாள்.

“வாய மூடுங்க! அவ என்ன செஞ்சான்னு உங்களுக்குத் தெரியுமா? இந்தப் பன்னிரண்டுல ஓடுற பந்தை நிறுத்தத் தெரிஞ்சது அவ ஒருத்திதான்! பஸ் ஓட்டுறீங்கல்ல? பிரேக் போடத் தெரியாதவன் கையில வண்டியக் குடுப்பாங்களா? உங்களுக்குக் காட்டணும்னுதான்யா அந்தப் பிள்ளை ஆசையா நிறுத்துச்சு! மனுசன்தானா நீங்க?”

அத்தனை பேர் நடுவில் அவர் முகம் செத்துப்போனது. இன்னும் நாலு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது அவளுக்கு.

யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்தால் கொசு. மூக்கு ஒழுக, உதடு துடிக்க நின்றது.

“எங்கப்பாவத் திட்டாதக்கா. நான் இனிமே நிறுத்த மாட்டேன்.”

“அப்படியில்லடா கண்ணு,” என்று பந்தக்கா மண்டிபோட்டுக் கையை நீட்டினாள். அதற்குள் அப்பா பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அவரும் இவளைப் பார்க்கவில்லை, இவளும் அவரைப் பார்க்கவில்லை.