பார்சலில் என் வாசல் எண்

இணையத்தில் கிடைத்த ஆட்களோடு ஓடப் போவதென்றால் என்னென்ன ஜாக்கிரதை வேண்டுமோ, அத்தனையும் நான் பார்த்தேன். பகலில்தான் போனேன். மாங்வொன் ஆற்றங்கரைப் பூங்காவில், கடை வாசலில், நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான் சந்தித்தேன். ஓடும் பாதையைப் பதிவு செய்கிற கைக்கடிகாரத்தை வீட்டிலிருந்தே முடுக்கினால், குழுவில் எல்லாரும் பார்க்கிற பாதைப் படம் நேராக என் வீட்டில் போய் நிற்கும் என்று, ஆற்றங்கரைக்கு வந்த பிறகுதான் முடுக்குவேன். குழுவில் என் பெயர் முள்ளங்கி. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

"முள்ளங்கி உளவாளி வேலை பாக்குதுடா!" என்று குழுத் தலைவர் கிபோம் அண்ணன் எல்லார் முன்னாலும் கிண்டலடிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

இலையுதிர்காலப் பந்தயத்துக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி பனியன் என்றார்கள். "முகவரிய எனக்கு மட்டும் அனுப்புங்க, நானே கூரியர் போட்டுடறேன்" என்றார் கிபோம் அண்ணன். சொந்தப் பெயரோடு அனுப்பினேன். கூரியர்காரர் மேலே வந்து வைத்துவிட்டுப் போக வேண்டுமே என்று, எல்லாரும் எழுதுவதுபோல் கட்டிடத்தின் கீழ்க்கதவைத் திறக்க அழுத்தும் எண்ணையும் சேர்த்து எழுதினேன்.

அடுத்த வாரம் காய்ச்சல். "உடம்பு சரியில்லை, இன்றைக்கு வரவில்லை" என்று குழுவில் போட்டுவிட்டுப் படுத்தேன். மதியம் அழைப்பு மணி அடித்தது. கதவருகே இருக்கும் வாசல் கேமராவின் திரையில் பார்த்தால், கெண்டைக்கால். குழுவில் அவன் வைத்துக்கொண்ட பெயர் அது. என் வேகத்துக்கு அவனும் மெதுவாக ஓடி, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே வருவான். நான் பாதி பதில் சொல்வேன், மீதியை விட்டுவிடுவேன்.

அவன் கீழ்க்கதவில் நிற்கவில்லை. மூன்றாம் மாடியில், என் கதவுக்கு முன்னால் நின்றான்.

"யுன்சுல், பூசணிக் கஞ்சி வாங்கிட்டு வந்திருக்கேன். சூடா இருக்கு, திற."

யுன்சுல். என் பெயர். வீட்டுச் செருப்போடு ஓரடி பின்வாங்கினேன்.

"நீ உள்ளதான் இருக்கேன்னு தெரியும். செருப்புச் சத்தம் கேட்டுச்சு. இந்த அண்ணன்கிட்ட என்ன வெக்கம்?"

பிறகு, எண் அழுத்தித் திறக்கும் என் கதவுப் பூட்டின் மூடியை அவன் தூக்கினான். தூக்கினால் அது ஒரு சின்ன இசை எழுப்பும். தினமும் நான் கேட்கிற இசை. அன்றைக்கு அதைக் கேட்டு, என்னை அறியாமல் கத்தினேன். "போலீஸுக்குப் போன் போட்டாச்சு, போடா!"

சொன்ன பிறகுதான் போட்டேன். அவர்கள் வருவதற்குள் அவன் கஞ்சிப் பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். "தெரிஞ்சவரா?" என்று கேட்டார் வந்த போலீஸ்காரர். கூட ஓடுகிறவன். அவ்வளவுதான் தெரியும்.

அவர்கள் எழுதிக்கொண்டு போன பிறகு, குழுவின் பழைய செய்திகளைத் தோண்டினேன். 'பனியன் கிளம்பியாச்சு!' என்று கிபோம் அண்ணன் ஒரு படம் போட்டிருந்தார். அடுக்கி வைத்த பார்சல்கள். எல்லாவற்றுக்கும் மேலே என்னுடையது. பெயர், அதன் பக்கத்தில் 'முள்ளங்கி' என்ற குறிப்பு, முகவரி, கீழ்க்கதவின் எண், எல்லாம் பளிச்சென்று. அறுபது பேர் அதற்கு இதயக்குறி போட்டிருந்தார்கள். பொத்திப் பொத்தி வைத்ததை இந்த மனுஷன் ஊருக்கே படம் போட்டுக் காட்டியிருக்கிறார்!

சனிக்கிழமை காலை காய்ச்சல் விட்டும் விடாமலும் பூங்காவுக்குப் போனேன். வட்டமாக நின்று கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். கெண்டைக்காலும் நின்றான், பந்தயத்துக்கான அதே பனியனில். நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"பூட்டுல கை பட்டுடுச்சு, அதுக்குப் போய்..." என்றான் அவன்.

கிபோம் அண்ணன் என்னைத்தான் அடக்க வந்தார். "விடும்மா. கஞ்சிதானே கொண்டு வந்தான், கத்தியா கொண்டு வந்தான்? நல்ல பையன். இப்படி எல்லாரையும் சந்தேகப்பட்டா யாரு கூடத்தான் ஓடுறது? குழுவோட சந்தோஷத்தக் கெடுக்காத."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சரிண்ணா. உங்க வீட்டு முகவரியையும் கதவத் திறக்கிற எண்ணையும் இப்ப இங்க சத்தமா சொல்லுங்க. நாங்கல்லாம் நல்ல பசங்கதானே!"

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டில்ல. சொல்லுங்க."

யாரும் கால் நீட்டவில்லை. வயதில் மூத்த ஹேவொன் அக்கா மட்டும் வாய் திறந்தார். "அவதான் கேக்குறாளே. சொல்லேன் கிபோம்."

கிபோம் அண்ணன் வாயைத் திறந்தார். அவர் கண் ஒருமுறை கெண்டைக்காலின் பக்கம் போய்த் திரும்பியது. எல்லாரும் பார்த்தோம். கெண்டைக்காலும் பார்த்தான்.

"அது எப்படிச் சொல்றது?" என்றார், குரலைத் தாழ்த்தி. "எங்க வீட்ல குழந்தை இருக்கு."

"எங்க வீட்ல நான் இருக்கேன்" என்றேன்.