சுக்கானுக்கு இடப்பக்கம்

கால்வாய்ப் படகில் ஒரு வாரம் போகலாம் என்பது கிளின் மாமாவின் யோசனை. எங்களில் யாரும் அதுவரை அப்படிப் போனதில்லை. அவர் வரைபடம் ஒன்று வாங்கி, வழியிலிருக்கும் பப் என்னும் மதுக்கூடங்களை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தார். கதவு மூடிப் படகை ஏற்றி இறக்கும் மதகுகளும், குடிதண்ணீர் நிரப்பும் இடங்களும் வட்டமில்லாமல் கிடந்தன.

மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருந்தது. எங்கள் ஊர் ‘கோதுமைக் கட்டு’ பப்பின் ஜன்னலோர மேசையில் கிளின் மாமா, அவர் மனைவி டோரீன் அத்தை, என் அப்பா, அம்மா, நான். அப்பாவும் கிளின் மாமாவும் ஒரே நிறுவனத்தில் லாரி ஓட்டியவர்கள். சொந்தக்காரர்கள் இல்லை. ஆனால் கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள்.

"சனிக்கிழமை படகைக் கையில வாங்குறோம். நேரா ‘நங்கூரம்’. ராத்திரி அங்கதான். ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பி, பதினோரு மணிக்கு ‘செஞ்சிங்கம்’," என்றார் கிளின் மாமா.

"பதினோரு மணிக்கா? கதவே அப்பதான்யா திறப்பான்," என்றார் டோரீன் அத்தை.

"திறக்கிறப்ப நாம வாசல்ல நிக்கணும்ல? அதுக்குப் பேருதான் திட்டம். அப்புறம் ரெண்டு மைல். ‘மூணு லாடம்’. அங்க மதியச் சாப்பாடு. அப்புறம் ஒரு மைல்கூட இல்ல..."

"ஏன், ஒரேயடியா பீப்பாய்ல படுத்துக்கிட்டு மிதந்து போயிடலாமே. படகு வாடகை மிச்சம்."

"கேலி பண்ணு. அங்க வந்து என் பீர்ல வாய் வைக்காம இருந்தா சரி."

"அது இருக்கட்டும். மதியமே இப்படி ஏத்திக்கிட்டா, அதுக்கு மேல யாரு ஓட்டுறது?"

கிளின் மாமா அதை யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் ஓட்டுறேன்," என்றார் அப்பா.

அம்மா தன் கோப்பையை மேசையில் வைத்தாள்.

அக்டோபரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. சிறியது. கையும் பேச்சும் சீக்கிரமே திரும்பிவிட்டன. இடப்பக்கப் பார்வை திரும்பவில்லை. கண்களில் கோளாறு எதுவும் இல்லை. இரண்டு கண்களும் அனுப்பும் காட்சியில் இடப்பாதியை மூளை வாங்கிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். இருட்டாகத் தெரியாது. அங்கே ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். ஓட்டுநர் உரிமத்தை அப்பா தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார். காரை விற்றார். பெட்ரோல் விலை கட்டுப்படியாகவில்லை என்று கிளின் மாமாவிடம் சொன்னார்.

கால்வாய்ப் படகுக்கு உரிமம் தேவையில்லை. அறுபதடி நீள இரும்புப் படகை, ஒரு முறை ஓட்டிக்காட்டிவிட்டு, கேட்டவர் கையில் கொடுத்துவிடுவார்கள். இந்தப் பயணத்தில் அப்பாவுக்கு வேண்டியிருந்தது மறுபடி ஓட்டுவது ஒன்றுதான். அது அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். மற்ற இருவருக்கும் தெரியாது.

"வாரம் பூரா நீயேவாடா? பீர் வேணாமா உனக்கு?" என்றார் கிளின் மாமா.

"சாயங்காலம் கட்டிப்போட்டதும் குடிச்சுக்கிறேன்."

"டோரீன், இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு."

"நெவில், சொல்லிடு," என்றாள் அம்மா.

"எதை?"

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அப்பா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு இடப்பக்கம் தெரியாது. ரெண்டு கண்ணுலயும்."

"எப்ப இருந்து?"

"அக்டோபர்ல இருந்து."

"லைசென்ஸு?"

"குடுத்துட்டேன்."

கிளின் மாமா பேனாவைக் கீழே வைத்தார். "பெட்ரோல் விலைன்னியேடா."

"விலையும் ஏறித்தானே இருக்கு."

"போன வாரம் சிப்ஸ் பாக்கெட்ட நீட்டிக்கிட்டே இருக்கேன், நீ பாட்டுக்கு எங்கயோ பாத்துக்கிட்டு இருந்த. என்மேல என்னமோ கோவம்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய் இவகிட்ட சொல்லிப் புலம்பினேன், கேளு."

"புலம்பினார்," என்றார் டோரீன் அத்தை.

"இப்ப புரியுதுல்ல?" என்றாள் அம்மா. "அறுபதடி இரும்பு. இடப்பக்கம் கரையில மீன் பிடிக்கிறவன் உக்காந்திருப்பான். சின்னச் சின்னத் தோணியில புள்ளைங்க வரும். இவர் கையில குடுத்துட்டு நான் உள்ள உக்காந்து டீ குடிக்கணுமா?"

"மணிக்கு நாலு மைல்தான், வெண்டி. நடந்து போறவனே நம்மள முந்திடுவான்," என்றார் அப்பா.

"நிறுத்தினா நிக்குமா?"

"பிரேக் கிடையாது," என்றேன் நான். "இஞ்சினைப் பின்பக்கமா முடுக்கிட்டுக் காத்திருக்கணும்."

என் குரல் மெல்லியது; யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு அது பழக்கம்தான். நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்திலும் எனக்குப் பதிலாக வேறு யாராவது அதையே மறுபடி சொல்வார்கள்.

"இடப்பக்கம் ஒருத்தர் நின்னு சொல்லிக்கிட்டே வந்தா போதும். பின்னாடி சுக்கான்கிட்ட ரெண்டு பேர் நிக்க இடம் இருக்கு. நான் படம் பாத்தேன்," என்றார் அப்பா.

"நான் நிக்கிறேன்டா," என்றார் கிளின் மாமா. பிறகு வரைபடத்தைப் பார்த்தார். "மதியம் வரைக்கும்."

"செஞ்சிங்கத்த விட்டு வெளிய வந்தா உனக்கே ஒவ்வொரு பாலமும் ரெண்டா தெரியும்," என்றார் அத்தை.

"பெத் நிக்கட்டும்," என்றார் அப்பா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பெத்தா? நெவில், அது பேசினா அதுக்கே கேக்காதே! இஞ்சின் வேற காலடியில டமடமன்னு அடிக்கும்," என்றார் அத்தை. என் கையைத் தட்டிக்கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதே கண்ணு."

"சமையல்கட்டுல பக்கத்துல நின்னு சொன்னாலே எனக்குக் கேக்கிறதில்ல," என்றாள் அம்மா. அதோடு பேச்சு முடிந்ததுபோல வரைபடத்தை மடிக்க ஆரம்பித்தாள்.

அப்பா எழுந்தார். அடுத்த சுற்று அவருடையது. பப்பில் ஆளுக்கு ஒரு முறை மேசையிலிருக்கும் எல்லோருக்கும் பீர் வாங்க வேண்டும். முறை வந்தவரை உட்கார வைத்துவிட்டு இன்னொருவர் வாங்குவது அவமானம். எனவே யாரும் அவரைத் தடுக்கவில்லை. சுவரோரமாக, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார். சொல்லாமல் இருந்திருந்தால் கிளின் மாமா அதைக் கவனித்திருக்க மாட்டார். இப்போது கண்ணெடுக்காமல் பார்த்தார்.

திரும்பும்போது அப்பா கையில் தட்டு இருந்தது. ஐந்து கோப்பைகள். அவர் பார்வை கோப்பைகளின் மேல் இருந்தது. பாதி தூரம் வந்தபோது, இடப்பக்க மேசைக்கு அடியில் படுத்திருந்த ஒரு பெரிய சாம்பல் நிற நாய் எழுந்து, சோம்பல் முறித்து, வழியின் குறுக்கே வந்து நின்றது. கிளின் மாமா பாதி எழுந்துவிட்டார். வாயில் சிப்ஸ் இருந்தது.

"அப்பா, நில்லுங்க! இடப்பக்கம் நாய்!"

அப்பா நின்றார். ஒரு கால் இன்னும் முழுதாகத் தரையில் படவில்லை. கோப்பைகளில் பீர் விளிம்புவரை ஏறி, திரும்ப இறங்கியது.

பப்பில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மூலையில் சூதாட்ட இயந்திரம் மட்டும் தன் பாட்டுக்கு மணியடித்துக்கொண்டிருந்தது. நாய்க்காரர் கயிற்றை இழுத்து, அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். கல்லாவில் நின்ற உரிமையாளர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா அது கத்தினது? வெண்டி பொண்ணா?"

எனக்குக் காதுவரை சுட்டது. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்கவில்லை.

"கேட்டுச்சுப்பா!" என்றார் கிளின் மாமா. "பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும். அப்ப முடிஞ்சுது. பெத் நிக்கிறா."

"என்ன முடிஞ்சுது? கன்னுக்குட்டி அளவு நாய். அது நெவில் கண்ணுக்குத் தெரியல. அதுதான் முடிஞ்சுது," என்றாள் அம்மா.

இருவர் சொன்னதுமே சரிதான். ஒரே சோதனை. இரண்டு முடிவுகள்.

அப்பா உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

"வெண்டி சொல்றது சரிதான். நாய் இருந்ததே எனக்குத் தெரியல." உதட்டைத் துடைத்துக்கொண்டார். "ஆனா நின்னேன்."

பிறகு முழு உடம்பையும் நாற்காலியில் திருப்பி, அந்த நாய் கண்ணில் படும்வரை தேடி, கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். மடித்த வரைபடத்தை மறுபடி விரித்தாள்.

"பெத், இந்த மதகுங்க எவ்வளவு அகலம்?"

"ஏழடி."

"படகு?"

"ஏழடிக்கு ரெண்டு அங்குலம் கம்மி."

"பக்கத்துக்கு ஒரு அங்குலம். கத்திச் சொல்லி அதுக்குள்ள நுழைக்க முடியாது."

"முடியாதும்மா."

"சரி. மதகெல்லாம் நான் ஓட்டுறேன்."

கிளின் மாமாவுக்குப் புரையேறியது. டோரீன் அத்தை அவர் முதுகில் தேவைக்கு மேலேயே அடித்தார்.

"வெண்டி, நீ சைக்கிள்கூட ஓட்டினதில்லையே!" என்றார் கிளின் மாமா.

"அதனாலதான் சொல்றேன். கெட்ட பழக்கம் எதுவும் இல்ல பாரு எனக்கு." அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். "மத்த இடத்துல நீ ஓட்டு. பெத் பக்கத்துல நிக்கட்டும். ஆனா படகு குடுக்கிறவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லணும். இப்பவே. மறைச்சு வாங்கினா நான் வரமாட்டேன்."

"சொன்னா குடுக்கமாட்டாங்க."

"குடுக்கலேன்னா இல்ல."

அப்பா தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியே தெரிந்தார். சுவர் தன் இடப்பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டு பேசினார். முதலில் அவர்தான் பேசினார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். காலால் ஒரு கூழாங்கல்லை உருட்டினார். மேசையில் யாரும் கோப்பையைத் தொடவில்லை. கிளின் மாமாவின் பீரில் நுரை அடங்கிவிட்டது.

"இல்லேன்னுட்டா என்ன பண்றது?" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

அம்மா வரைபடத்தின் மடிப்பை நீவினாள்.

அப்பா உள்ளே வந்தார்.

"என்னடா சொன்னாங்க?"

"அந்தம்மா ரெண்டு தடவ கேட்டாங்க. ரெண்டு தடவையும் சொன்னேன்."

"அப்புறம்?"

"தனியா சுக்கானைத் தொடக் கூடாதாம். பக்கத்துல எப்பவும் ஒருத்தர் நிக்கணும். ரெண்டு பேரும் ஒரு சொட்டு பீர்கூடத் தொட்டிருக்கக் கூடாது. முதல் நாள் அவங்க ஆளு கூடவே வந்து பாப்பாரு. அவருக்குத் திருப்தின்னா நான் ஓட்டலாம்."

"இல்லேன்னா?"

"வெண்டி ஓட்டுவா."

"ஓட்டுவேன்," என்றாள் அம்மா.

கிளின் மாமா கோப்பையைத் தூக்கினார். "அப்ப எனக்கு ஒரு தடையும் இல்ல!"

"யாரு சொன்னா?" என்றார் டோரீன் அத்தை. "மதகுக் கதவ யாரு தள்றது? நீதான். போதையில அந்தக் குழிக்குள்ள விழுந்தா, உன்ன எடுக்க எனக்குத் தெம்பு இல்ல. பகல்ல எதுவும் கிடையாது. எடு பேனாவ."

அவர் எடுத்தார். பகல் நேரத்து வட்டங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். ‘மூணு லாடம்’ அருகே பேனா கொஞ்சம் தயங்கியது. அத்தை விரலால் தட்டினார். அதையும் அடித்தார்.

"விடுமுறையா இது? ஆஸ்பத்திரி," என்றார்.

அம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கோப்பைக்கு அடியிலிருந்த அட்டையை உருவி, நீளவாக்கில் மடித்தாள். இரண்டு கோப்பைகளை நெருக்கி வைத்து, நடுவில் மதகுபோல ஓர் இடைவெளி விட்டாள். அட்டையின் பின்முனையை இரண்டு விரலால் பிடித்து, அந்த இடைவெளிக்குள் தள்ளினாள். இடித்தது. பின்னால் இழுத்து மறுபடி தள்ளினாள்.

"மெதுவா," என்றார் அப்பா.