பெர்மாலுக்கு ஒரு சுற்று

உச்சி வெயிலில் எல்ரிக் லாரிகளுக்குக் கேட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். காது மட்டும் ஊர்ப்பக்கம் இருந்தது. தப்புச் சத்தம் தொடங்கியதும் பெர்மாலைத் தூக்கிவிட்டார்கள் என்று தெரிந்தது. எல்ரிக் லீவு கேட்டிருந்தான். "செத்தவன் உனக்கு என்ன உறவு?" என்றார் சூப்பர்வைசர். எல்ரிக் ஆப்பிரிக்க வழி, பெர்மால் மதராசி வழி. ஒரு முனையிலிருந்து அவனும் மறுமுனையிலிருந்து இவனுமாக வாலிபம் முழுக்கப் பந்து வீசினார்கள். அதற்கு என்ன பெயர் சொல்வது? லீவு கிடைக்கவில்லை.

கேட்டுக்கு உள்ளே எண்ணெய்க் கம்பெனியின் குழாய்கள் வீட்டு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. கரும்புத் தோட்டங்கள் நிறைந்த கோரன்டைன் கடற்கரைக்கே பேர் வாங்கித் தந்த கிரிக்கெட் மைதானம் அது. துரைமார் காலத்தில் வெறும் சேறு. இரண்டு பேருடைய தாத்தாக்களும் கரும்பு வெட்டி முடித்த கையோடு, கூலி இல்லாமல், கால்வாயில் கரும்பு ஏற்றும் படகுகளில் களிமண் கொண்டுவந்து கொட்டி மேடாக்கினார்கள். மேடானதும் துரைமார் ஆடினார்கள். கொட்டியவர்கள் வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போட்டார்கள். துரைமார் கப்பலேறிய பிறகுதான் இவர்கள் உள்ளே வந்தார்கள். பெர்மால் பகலில் கரும்பாலையிலும் பொழுதுசாய்ந்தால் பிட்சைச் சமன்செய்யும் ரோலரிலுமாகக் காலம் தள்ளினான். அங்கே ஆடியவன் யார் செத்தாலும், இந்துவோ கிறிஸ்தவனோ முஸ்லிமோ, பெட்டியை எல்லைக்கோட்டோடு ஒரு சுற்று தூக்கி வந்து, பிட்சில் சற்று இறக்கி வைத்த பிறகுதான் கடைசி இடத்துக்குக் கொண்டுபோவார்கள்.

ஆலையை மூடி நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுக்கவிருந்தபோது, நிலத்தில் உரிமை உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்லலாம் என்று அறிவித்தார்கள். அன்றைக்கு இறுதியாட்டம். ஊரே மைதானத்தில் இருந்தது. "நம்ம மைதானம் நம்முதுதான்னு நாம போயி சொல்லணுமா?" என்று ரோலரில் சாய்ந்துகொண்டு சிரித்தவன் பெர்மால். அதிகாரிகள் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். இவர்கள் ஆட்டத்தில் ஜெயித்து ஊர்வலம் போனார்கள்.

ஊர்வலம் இப்போது கேட்டுக்கு வந்து நின்றது. ஆறு பேர் பெட்டியைச் சுமந்திருந்தார்கள். முன்னால் பெர்மாலின் மனைவி டுலாரி. பெட்டியின் முன்முனையில் பழைய விக்கெட் கீப்பர் மூன்சாமி.

"கேட்டத் தொற தம்பி," என்றாள் டுலாரி.

"அண்ணி, என் கையில இல்ல அண்ணி. உள்ள விட்டா இந்த வேலையும் போயிரும்."

"சாவி உன் கையிலதான தொங்குது?"

"விடுங்கண்ணி," என்றான் மூன்சாமி. "இவன் கைக்கு வந்த கேட்ச என்னைக்குப் புடிச்சான், இன்னைக்குப் புடிக்க?"

யாரோ சிரித்தார்கள். எல்ரிக்குக்கு முகம் சுண்டிப்போயிற்று. சர்க்கரை நோயில் கால் எடுத்த மனைவி வீட்டில் கிடக்கிறாள். ஆலை போன பிறகு நாய்படாத பாடு பட்டுக் கிடைத்த வேலை இது.

டுலாரி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து காலைல என்ன கேட்டாரு தெரியுமா? 'எல்ரிக்குக்கு நாளைக்குப் பகல் டூட்டியா, ராத்திரியா'ன்னு. பகலுன்னேன். 'அப்ப சரி, அவன் தொறப்பான்'னாரு. அப்பறம் பேச்சே இல்ல."

எல்ரிக் பூட்டைத் திறந்தான். திறந்த பிறகும் அவனுக்குள் இருந்த காவல்காரன் போகவில்லை. "தலைக்கவசம் இல்லாம உள்ள போகக்கூடாது," என்று சொல்லி, பார்வையாளர்களுக்கென்று காவல் அறையில் வைத்திருந்த ஆறையும் எடுத்து வந்து, சுமக்கிறவர்கள் தலையில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான்.

"பெர்மாலுக்கு?" என்றான் மூன்சாமி.

"அவனுக்கு இனிமே என்னடா ஆகப்போகுது," என்றான் எல்ரிக். தன்னுடையதைக் கழற்றி டுலாரிக்கு மாட்டிவிட்டான். மற்றவர்கள் வெளியே நின்றார்கள்.

சுற்றிவர வழியில்லை. எல்லைக்கோட்டின் மேல் குழாய்கள், கோட்டுக்கு அப்பாலும் குழாய்கள். போக முடிந்த மட்டும் போய், பிட்ச் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஜல்லியில் பெட்டியை இறக்கினார்கள். டுலாரி குனிந்து இரண்டு குழாய்களுக்கு நடுவே தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். வந்தது ஜல்லிதான். "இத்தன காலம் உருட்டுனாரே, ஒரு கைப்பிடி களிமண் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அதுவரை அழாதவள் வாய்விட்டு அழுதாள்.

சூப்பர்வைசரின் வண்டி வந்து நின்றது. அவர் பெட்டியைப் பார்த்தார், வண்டிக்குள் இருந்தபடியே தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். டுலாரி அழுது முடிக்கிறவரை காத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கி, எல்ரிக்கைத் தனியே கூப்பிட்டார்.

"உன் ஹெல்மெட் எங்க?"

"அந்தம்மாகிட்ட சார்."

"ஆள உள்ள விட்டத எப்பிடியாவது சொல்லிச் சமாளிச்சிருவேன். ஹெல்மெட் இல்லாம நீ நிக்கிறது கேமராவுல தெரியுதே. அதுக்கு மன்னிப்பே கிடையாதுன்னு உனக்குத் தெரியாதா?"

எல்ரிக் தன் வெறுந்தலையைத் தடவிப் பார்த்தான்.

"சட்டையும் பூட்ஸும் கம்பெனியோடது," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

எல்ரிக் அங்கேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். சட்டையை மடித்து அதன்மேல் வைத்தான். ஆறு பேரும் தலைக்கவசங்களை அறை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு வந்தார்கள். டுலாரியுடையதையும் யாரோ வாங்கி வைத்தார்கள். பெட்டியைத் தூக்கும்போது மூன்சாமி நகர்ந்து இடம்விட்டான். "வாடா," என்றான்.

பனியனோடு, வெறுங்காலோடு, எல்ரிக் தோள் கொடுத்தான். கேட்டைத் தாண்டியதும் பழக்கத்தில் ஒரு கை பூட்டைத் தேடிப் பின்னால் போயிற்று. அதற்குள் சூப்பர்வைசரே உள்ளேயிருந்து இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். தார் ரோடு கொதித்தது. தப்பு மறுபடி தொடங்க, அவர்கள் கடற்கரைச் சுடுகாட்டுப் பக்கம் திரும்பினார்கள்.