டோக்கன் போடாத துணி

சமரச மையம் மூன்றாவது மாடியில். லிப்ட் ஓடவில்லை. ஒரு காலத்தில் லிப்ட் மெக்கானிக்காக இருந்த மருமகன், வேறொரு நாளாக இருந்தால் கதவில் காதை வைத்துக் கோளாறு என்னவென்று பார்த்திருப்பார். இன்று அந்த ஆசைகூட வரவில்லை. முன்னால் மாமனார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, படிக்கொரு பெருமூச்சாக ஏறிக்கொண்டிருந்தார். வழக்கே இவர்கள் இருவருக்கும் இடையில்தான்.

மாமனாருக்குச் சொந்தமாக ஒரு லாண்ட்ரி. மகன், "ஊரார் அழுக்கை நான் தொவைக்க மாட்டேன்" என்று வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். அந்த வாரமே மாமனார் மருமகனைக் கூப்பிட்டு, "அந்த வேலையை விட்டுட்டு வந்துடுங்க மாப்ள. எனக்கு முடியாமப் போற அன்னைக்குக் கடையை உங்க பேருக்கு மாத்திடறேன்" என்றார். மருமகன் வந்தார். இஸ்திரி மேசை முன்னால் நின்றே தலை நரைத்தது. இப்போது மாமனாருக்கு முடியவில்லை. மகனோ வேலை போய்த் திரும்பி வந்துவிட்டான். கடை அவனுக்காம்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. மந்திரி வீட்டு ஆளாக இருந்தாலும் டோக்கன் இல்லாமல் துணி கைக்கு வராது. வீட்டுத் துணிக்கு மட்டும் டோக்கன் கிடையாது. அதற்கு மூலையில் தனிக் கூடை. மருமகன் தன்னையும் அந்தக் கூடையில்தான் போட்டுக்கொண்டார். மாமனார் சொன்ன வார்த்தைக்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெரியவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார்.

"சட்டத்துலயும் அப்படி ஒரு கூடை இருக்கு சார்," என்று மருமகனுடைய வக்கீலம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். "சொந்தபந்தம் பேசிக்கிறதைக் கோர்ட்டு சாதாரணமா ஒப்பந்தம்னு எடுத்துக்காது. கட்டுப்படணும்னு நெனச்சுத்தான் பேசினாங்கன்னு நாமதான் காட்டணும்."

"நான் வேலையை விட்டது போதாதா?"

"உதவும். போதுமான்னு ஜட்ஜுதான் சொல்லணும்."

மனைவியிடம் அபிப்பிராயம் கேட்டுப் பயனில்லை. "ரெண்டு பேருக்கும் சோறு போடறவ நான். யார் ஜெயிச்சாலும் என் வீட்டுலதான் ஒருத்தர் சாப்பிடாமப் படுப்பார். என்னை இழுக்காதீங்க," என்றுவிட்டாள்.

சமரசம் பேசும் அம்மாள் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"பெரியவர் பாசத்துல சொன்னதும்மா. மருமகனுக்கு ஆறுதலா ஒரு வார்த்தை. அதைப் போய் ஒப்பந்தம்னா, கொழந்தைக்கு நிலாவைப் பிடிச்சுத் தரேன்னு சொன்ன அப்பன் மேலயும் கேஸ் போடலாமே!"

மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் சிரித்தான். மாமனார் சிரிக்கவில்லை.

"யாருய்யா ஆறுதலுக்குச் சொன்னது?"

"ஐயா, நான் பேசிக்கறேன்…"

"என்னத்தப் பேசுவ? வெள்ளிக்கிழமை தரேன்னா வெள்ளிக்கிழமை துணி குடுத்தவன் நான். கைநெறைய சம்பாதிக்கிற மனுஷனை வெளையாட்டுக்கா வேலையை விடச் சொல்வேன்? குடுக்கணும்னுதான் சொன்னேன்."

"அப்பா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க."

"நீ மூடுடா. உன்னாலதான் இந்த வயசுல மாடியேறிட்டிருக்கேன்."

அம்மாள் முன்னால் சாய்ந்தார். "அப்போ குடுத்துடலாமே பெரியவரே?"

மாமனார் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "முடியாதும்மா. இவன் நடுத்தெருவுல நிக்கிறான். பெத்துத் தொலைச்சுட்டேனே. சொன்னதும் நெசம், இப்போ குடுக்க மாட்டேங்கறதும் நெசம்."

வழக்குப் போட்ட நாளிலிருந்து மருமகனைச் சொந்தக்காரர்கள் பொய்யன் என்றும் பேராசைக்காரன் என்றும் பேசியிருந்தார்கள். இப்போது பெரியவர் வாயாலேயே அது நெசமென்று வந்ததில் அவருக்கு நெஞ்சு இளகியது. கூடவே தாங்க முடியாத அசதியும் வந்தது.

வராந்தாவில் வக்கீலம்மாவிடம், "ஜெயிச்ச மாதிரிதானே?" என்றார்.

"இல்ல சார். சமரசத்துல பேசினது அந்த ரூமோட சரி. அதைக் கோர்ட்டுல எடுத்துக் காட்ட முடியாது. அங்க மறுபடி பாசம்னுதான் ஆரம்பிப்பாங்க."

"அவரையே கூண்டுல ஏத்திக் கேட்டா?"

"கேக்கலாம். ஆனா அதுக்குள்ள வீட்டுல நல்லா சொல்லிக் குடுத்துருப்பாங்க. அதையும் மீறி இன்னைக்குச் சொன்ன மாதிரியே சொன்னாருன்னா நமக்குப் பெரிய பலம்." கோப்பைக் கட்டியபடியே சேர்த்துக்கொண்டார்: "பெத்த அப்பா வாயாலயே மகன் கையை விட்டுக் கடை போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

கீழே கடை வேனின் நிழலில் மாமனார் தனியாக நின்றிருந்தார். மச்சான் வக்கீலோடு எங்கோ ஆலோசனைக்குப் போய்விட்டானாம். மருமகன் கதவைத் திறந்து, கையைக் கொடுத்து ஏற்றிவிட்டு, தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். சாவியைத் திருகவில்லை.

"மாமா, இதே கேள்வியைக் கோர்ட்டுல கேட்டா என்ன சொல்வீங்க?"

மாமனார் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். "சத்தியம் பண்ணச் சொல்வாங்கல்ல?"

"ஆமா."

"அப்புறம் என்னத்தை மாத்திச் சொல்றது." பிறகு தணிந்த குரலில், "கேக்காம இருந்தா நல்லாயிருக்கும் மாப்ள," என்றார்.

"தெரியும் மாமா. ஆனா கேக்கத்தான் போறேன்."

மாமனார் மெல்லத் தலையாட்டினார். வண்டி கிளம்பியதும், மருந்துக்கடை வந்தால் நிறுத்தச் சொன்னார். முட்டிக்குத் தடவுகிற தைலம் தீர்ந்துவிட்டதாம்.