ஒரே ஒரு கோல்

விட்ஸ்கேவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐஸ் அரங்கத்தின் வாசலுக்கும் உடை மாற்றும் அறைக்குமாக நடந்து நடந்து தரையையே தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டுப் பேர் ஐஸில் இறங்கினால்தான் நடுவர் விசில் ஊதுவார். வந்திருந்ததோ அவளையும் சேர்த்து ஏழு பேர். போன மாதம் ஆள் சேராமல் ஒரு ஆட்டம் போயிற்று. இன்றும் போனால் கிளப்பை லீக்கிலிருந்தே தூக்கிவிடுவார்கள். நாடு முழுக்கச் சல்லடை போட்டாலும் ஐஸில் ஸ்கேட் மாட்டிக்கொண்டு மட்டையால் பந்தடிக்கிற பேண்டி ஆட்டத்துக்குக் கிளப் நாலே நாலுதான். அதிலும் இடம் இல்லையென்றால் அப்புறம் என்ன இருக்கிறது?

ஆட்கள் எங்கே தொலைந்தார்கள் என்பது நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். மூன்று குளிர்காலம் ஏமாற்றிய ஏரி இந்த வாரம் உறைந்துவிட்டது. ஏரி உறைந்தால் இந்த ஊரில் கல்யாணமே தள்ளிப்போகும். பல் டாக்டர் கதவில் ‘ஐஸ் லீவு’ என்று எழுதி ஒட்டிவிட்டு நடையைக் கட்டுவார். ஐஸை நம்பிப் பிழைக்கிற கிளப்புக்கு அந்த ஐஸே எமனாக வந்து நின்றது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான், வேறென்ன?

“உன் தம்பி போனை எடுத்தானா?” என்றான் கேப்டன் டுர்க்.

“எங்க எடுப்பான்? ஏரியில இருப்பான் ஹில்கே. நான் போய்க் காதைப் புடிச்சு இழுத்துட்டு வரேன்.”

“நீ கோலி, கோல் காக்கிறவ. நீயும் போயிட்டா எப்படி?”

“இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்ல? புலம்பாம ஸ்கேட் லேசைக் கட்டு.”

திரும்பி வந்து மாற்ற நேரம் இருக்காதென்று கோலி உடையோடே காரை எடுத்தாள். அந்த உடையில் பை கிடையாது. ஏரிக்கரையில் ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு, கழற்றிப்போட்ட பூட்ஸுக்குள் போனைத் திணித்தாள். ஃபிரீஸ்லாந்தில் கரையிலிருக்கிற பூட்ஸை எவனும் தொடமாட்டான்.

பட்டாணி சூப் கடையைத் தாண்டிக் கூட்டத்துக்குள் புகுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஹில்கே சும்மா சறுக்கிக்கொண்டிருக்கவில்லை. பேண்டி ஆடிக்கொண்டிருந்தான்! கிளப்பின் பழைய மட்டைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறான், திருட்டுப் பயல். அவனோடு முப்பது பேர் இருப்பார்கள். குழாய் ரிப்பேர்க்காரர், பள்ளி வாத்தியார், அறுபது தாண்டிய ஒரு சிவப்புக் குல்லா அம்மாள் என்று சிவப்புப் பந்தைத் துரத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது வருஷமாகச் சந்தையில் நின்று துண்டுச்சீட்டு கொடுத்தவள் அவள். “ஐஸ் ஹாக்கிதானே?” என்பார்கள். “இல்லைங்க, இதுல பந்துங்க, கோலிக்கு மட்டையே கிடையாதுங்க” என்பதற்குள் மீன் கடைக்கு நகர்ந்திருப்பார்கள். ஒரு ஈ காக்காகூட வந்ததில்லை. சந்தோஷமா எரிச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை.

“அக்கா! நல்ல நேரத்துக்கு வந்தே, கோலி இல்ல!”

“செருப்பு பிஞ்சிடும். அங்க ஒரு ஆள் இல்லாம கிளப்பே போகப்போகுது, இங்க கூத்தடிக்கிறியா?”

“வரேன் வரேன். பாதியில விட்டுட்டு வந்தா பாவம்க்கா. ஒரே ஒரு கோல். யார் போட்டாலும் அதோட கிளம்பிடலாம். சத்தியமா!”

ஒரு கோல்தானே, எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? இரண்டு பூட்ஸை வைத்து ஒரே கோல், இரு அணியும் அதில்தான் அடிக்க வேண்டும். நடுவில் போய் நின்றாள்.

வாத்தியார் அடித்தார். பிடித்துவிட்டாள். முப்பது பேரும் ‘ஓ’ என்று கத்தினார்கள். குழாய்க்காரர் அடித்தார். காலால் தடுத்தாள். ஹில்கே மூலையிலிருந்து விளாசினான். பாய்ந்து விழுந்து, அதையும் பிடித்தாள். ஒன்றை விட்டுத் தொலைத்தால் போதும், கிளம்பலாம். தெரியாதா அவளுக்கு? ‘இந்தப் பந்தை விடுறேன், இந்தப் பந்தை விடுறேன்’ என்று ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்தாள். பந்து வந்தால் கை தானாகப் போனது. பாழாய்ப்போன கை! அரங்கத்தில் அடியில் குழாய் ஓட்டி உறையவைத்த ஐஸில் இப்படி ஒரு சத்தம் கேட்குமா? அடியில் ஏரியே அதிர்ந்து பாடியது. இப்படி ஆடி எத்தனை காலம் ஆயிற்று!

கடைசியில் சிவப்புக் குல்லா அம்மாள் தடுமாறி விழுந்துகொண்டே தட்டிய பந்து அவள் கால் நடுவில் புகுந்துவிட்டது. எல்லோரும் அந்த அம்மாளைத் தூக்காத குறை. அப்போதுதான் விட்ஸ்கே தன் நிழலைப் பார்த்தாள். ஐயோ, இவ்வளவு நீளமாகவா?

கரைக்குப் பறந்தாள். போனில் டுர்க்கின் செய்திகள் வரிசையாக நின்றன.

‘சீட்சே வந்துட்டான். ஹில்கே வேண்டாம். நீ வந்தா எட்டு.’

‘எங்க இருக்கே?’

‘நடுவர் கிளம்பிப் போயிட்டார். ஆட்டம் போச்சு.’

பனியில் அப்படியே உட்கார்ந்தாள். அங்கே குறைந்த அந்த ஓர் ஆள் அவள்தான். ஹில்கே ஓடிவந்து அவள் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தான்.

பின்னாலேயே அந்த அம்மாள் மூச்சிரைக்க வந்தாள். குல்லா காதுக்கு மேலே ஏறியிருந்தது.

“ஏம்மா, இந்த ஆட்டத்துக்குப் பேர் என்ன? நாங்க ஏழெட்டுப் பேர் சேரலாம்னு பேசிக்கிட்டோம். இதுக்குக் கிளப் ஏதாச்சும் இருக்கா?”

விட்ஸ்கே கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“மத்தியானம் வரைக்கும் இருந்துச்சுங்க,” என்றாள்.