குவாங் வீட்டுச் செங்கல்

அன்று காலை நான்ஜிங் தெற்கு வாசல் மதிலடியில் இருந்தவர்கள் நால்வர்: பெரியவர் குவாங் தெமாவ், அவருடைய மருமகள் சூஜென், ஒரு கல்லோடு வந்த பக்கத்து வீட்டு ஹெங், மதிலைப் பழுதுபார்க்கும் கொத்தனார் மியாவ். வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்திருந்த பழைய மதில் கற்களை நகரம் திரும்பக் கேட்டிருந்தது.

பெரியவர் கொண்டுவந்த செங்கல்லின் பக்கவாட்டில், அதைச் சுட்ட அவருடைய முன்னோரின் பெயர் பதிந்திருந்தது. கல்லில் குறை வந்தால் ஆளைப் பிடிப்பதற்காக அந்தக் காலத்தில் பதித்த பெயர்.

மியாவ் கல்லைத் திருப்பினார். "கறுப்பா ஒரு கோடு ஓடுதே ஐயா. விரிசல்போல. மதில்ல வைக்க முடியாது."

"அறுநூறு வருஷம் கழிச்சு உங்க பாட்டன் மாட்டிக்கிட்டாரு அண்ணே!" என்று ஹெங் சிரித்தார்.

சூஜென் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "விரிசல் இல்ல மாமா. வாத்துக்கறிக்கு உப்புப் போட்டு அமுக்க இந்தக் கல்லைத்தான் வைப்பேன். அந்தக் கொழுப்புக் கறை."

முன்னோர் பெயருக்குக் கீழே வாத்து! பெரியவரின் காது சிவந்தது. ஆனால் முதுகு வளையவில்லை.

"எங்க ஆளு அரைவேக்காட்டுக் கல்லைச் சூளையிலிருந்து எடுத்ததே இல்ல. பழைய முறைப்படியே பார்த்துடலாம்: கல்லோட கல்லு மோதினா கணீர்னு கேக்கணும், உடையக் கூடாது. ஹெங், உன் கல்லைக் கொண்டா, ரெண்டையும் மோதுவோம்."

மோதினார்கள். கணீரென்று ஓசை எழுந்தது. மியாவ் குவாங் வீட்டுக் கல்லை மதிலில் வைத்துப் பூசினார்.

இரண்டு கல்லும் உடைந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். உடைந்தது ஹெங் வீட்டுக் கல் மட்டுமே.